குட்ஷெட்டிலிருந்து ஹந்தான வரை: கண்டியின் தொழிற்காலக் கட்டடங்களும் நம்மவர் சுவடுகளும்

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் உயர்தர வகுப்பு மாணவர் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு கண்டி நகரில் ஒரு மரபுரிமை நடையில் கலந்துகொண்டேன். வழிகாட்டி நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். குளக்கரை, அரண்மனை, குயின்ஸ் ஹோட்டல், ஆங்கிலேயர் கட்டிய தேவாலயம், தபாற்கந்தோர்ப் பக்கம் என்று மூன்று மணித்தியாலம் நடத்திக் காட்டினார். கட்டியவர் யார், எந்த ஆண்டு, தூண் எந்தப் பாணி என்றெல்லாம் சொன்னார். முடிந்து புறப்படும்போது ஒரு மாணவி என் அருகில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "சேர், இந்த டவுன்ல எங்கட ஆக்கள் ஒண்டுமே கட்டல்லயா?"

அந்த இடத்தில் என்னிடம் சட்டென்று சொல்ல ஒரு பதில் இருக்கவில்லை. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் எனக்கு அது வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு இரண்டு மாதம், ஓய்வு கிடைத்த சனிக்கிழமைகளில், தனியே நடந்து பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்த நடையின் பயன்.

கண்டி 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 'புனித நகரம்' என்ற பெயரில்தான் சேர்க்கப்பட்டது. அந்தப் பெயருக்குத் தலதா மாளிகையும் அரண்மனையும் தேவாலயங்களும் குளமும் உரியவை. அதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் குளத்திலிருந்து பத்து நிமிஷம் மேற்கே நடந்தால் இன்னொரு கண்டி இருக்கிறது. புகையிரத நிலையம், சரக்குக் கொட்டகை, சிறைச்சாலை, சந்தை, மொத்த வியாபாரக் கடைகள், பழுதுபார்க்கும் பட்டறைகள் என்று கோப்பியும் தேயிலையும் உண்டாக்கிய கண்டி அது. மென்செஸ்டர் போலவோ பம்பாய் போலவோ உயர்ந்த புகைபோக்கிகள் இங்கே நிற்கவில்லை. மலையில் விளைந்ததைக் கடலுக்கும், கடலில் வந்திறங்கியதை மலைக்கும் கொண்டுசேர்ப்பதுதான் இந்த நகரத்தின் பெருந்தொழில். அந்தத் தொழிலை வைத்துப் பார்த்தால் நம்மவரைத் தேட வேண்டியதில்லை. அவர்கள் வாசலிலேயே நிற்கிறார்கள்.

பொதிமாட்டின் பாதை

ரயிலுக்கு முன் வண்டில். வண்டிலுக்கு முன் தவளம். கண்டி இராச்சியத்தில் சரக்குப் போக்குவரத்துக்கென ஒரு திணைக்களம் இருந்தது, 'மடிகே' என்பார்கள். பொதிமாடுகளை வைத்திருந்தோர் அதற்குள் அடங்குவர். அவர்களில் முஸ்லிம்கள் முக்கியமான பங்கினர். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே வரும். பாக்கும் மற்ற மலைநாட்டுப் பொருட்களும் கீழே போகும். உப்பு விளையாத ஓர் இராச்சியத்துக்கு இந்த மாடுகள் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கலாநிதி லோர்ணா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் பற்றி 1994இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கலகெதரப் பக்கம் 'மடிகே' என்ற சொல் இன்றும் ஊர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் பொருள் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

இதற்கும் முந்திய ஒரு சாட்சி ரொபர்ட் நொக்ஸ். கண்டி அரசனிடம் பத்தொன்பது ஆண்டு கைதியாக இருந்து தப்பிப்போன அந்த ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில், கண்டி நகரில் சோனகருக்கு ஒரு வணக்கத்தலம் இருந்ததையும், முன்னைய அரசர் ஒருவர் கொடுத்த சலுகையின்படி காணி உடையோர் அதற்குப் பணம் செலுத்திவந்ததையும் சொல்கிறார். 'ஒண்டுமே கட்டல்லயா' என்ற கேள்விக்கு ஆங்கிலேயர் வருகைக்கு ஒன்றேகால் நூற்றாண்டு முன்பே ஓர் ஆங்கிலேயரே பதில் எழுதிவைத்திருக்கிறார் என்பது ஒரு வேடிக்கை.

1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த இரண்டு ஆண்டுக்குள் வெல்லஸ்ஸையில் ஹாஜி மரிக்கார் என்பவரை மடிகே முஹாந்திரமாக அவர்கள் நியமித்தார்கள். அங்கிருந்த சோனகர்மீது திசாவைக்கு இருந்த அதிகாரம் அதனால் குறைந்தது. 1817–18 கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்றாக இந்த நியமனத்தை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். ஹாஜி மரிக்கார் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பாடசாலைப் புத்தகத்தில் இது ஒரே ஒரு வரி. 'முஸ்லிம் ஒருவரை நியமித்ததால்' என்று முடிந்துவிடும். சமயம் இங்கே பேச்சே இல்லை. பொதிமாடு யாருடைய கட்டளைக்கு நடக்கும் என்பதுதான் வழக்கு. புதிய ஆட்சிக்குப் படைக்கும் பண்டத்துக்கும் மாடு வேண்டியிருந்தது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வகுப்பில் தலைகுனியும் நம் பிள்ளைகளுக்கு இந்த விளக்கத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

கோப்பி கட்டிய நகரம்

ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் 1820 முதல் கொழும்பு–கண்டி ரோட்டு வெட்டப்பட்டது. 72 மைல். பேராதனையில் மகாவலியைக் கடக்க 1833இல் ஜோன் பிரேசர் கட்டிய பாலம் முழுக்க முதிரை மரம். நடுவில் தூண் இல்லாமல் 205 அடி தாண்டி நின்றது. ஆணியே அடிக்காமல் கட்டியது என்று சொல்வார்கள். 1905இல் அதைக் கழற்றி இரும்புப் பாலம் போட்டார்கள். மாதிரிகளும் படங்களும்தான் மிச்சம்.

ரோட்டு வந்ததும் கோப்பி வந்தது. 1824இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் தொடங்கிய தோட்டத்தை முன்னோடியாகச் சொல்வார்கள். 1870களின் கடைசியில் கோப்பி இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கருக்குப் பரவியிருந்தது. கோப்பிப் பழத்தைப் பறித்த அன்றே சதையை உரிக்க வேண்டும்; இல்லாவிட்டால் புளித்துக் கெட்டுவிடும். ஆகவே தோட்டத்துக்குத் தோட்டம் சதை உரிக்கும் இயந்திரமும், கொட்டையை ஊறவைத்துக் கழுவத் தொட்டியும், உலர்த்தக் களமும் வேண்டும். அந்த இயந்திரங்களைச் செய்யவும் பழுது பார்க்கவும் 1854இல் ஜோன் வோக்கர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டியில் ஒரு பட்டறை தொடங்கினார். பிற்காலத்தில் கொழும்பில் பெரிய கம்பனியாக வளர்ந்த வோக்கர்ஸின் பிறப்பிடம் இந்த மலைநகரம். கண்டியைத் தொழில்நகரம் என்று நான் சொல்லும்போது சிரிப்பவர்களுக்கு இந்த ஒரு பெயரைத்தான் பதிலாகச் சொல்வது வழக்கம்.

மேல்தோல் போகாத கோப்பிக்கொட்டை மூட்டை மூட்டையாக வண்டிலில் கொழும்புக்கு இறங்கும். அங்கேதான் தோலை நீக்கித் தரம் பிரிப்பார்கள். திரும்பும் வண்டிலில் அரிசி ஏறும். தோட்டத்துக்கு வந்து குவிந்த தென்னிந்தியத் தொழிலாளருக்கு அரிசி வேண்டுமே. கொண்டுபோவதற்கு ஒரு மாதம் ஒரு மாதமாகக் காத்துக் கிடக்கும் மூட்டைகளைப் பற்றித் துரைமார் புலம்பிப் புலம்பித்தான் ரயில் வந்தது. 1858இல் ஆளுநர் ஹென்றி வோர்ட் முதல் மண்ணை வெட்டினார். 1867இல் ரயில் கண்டியை எட்டியது. கடுகண்ணாவை ஏற்றத்தில் 45 அடிக்கு ஓர் அடி உயரும் பாதை அது. அங்கே ரயில் மூச்சு வாங்குவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். 1874இல் நாவலப்பிட்டி, 1880இல் மாத்தளை என்று தண்டவாளம் கோப்பியைத் தேடித் தேடிப் போனது.

கண்டி நிலையத்துக்கு முன்னால் இறங்கினால் பஸ் நிற்கும் இடத்துக்குக் 'குட்ஷெட்' என்று பெயர். "குட்ஷெட்டுக்கு வாங்க" என்று தினமும் சொல்கிறோம். அது ரயிலின் சரக்குக் கொட்டகை என்பது யாருக்கும் நினைவில் வருவதில்லை. புதிய போக்குவரத்து நிலைய வேலை தொடங்கியபின் இடத்தின் முகமே மாறிவிட்டது. பெயராவது நிலைக்கட்டும்.

பக்கத்தில் பொகம்பறைச் சிறை. ஒரு காலத்தில் குளம் இருந்த தாழ்ந்த நிலம். 1876இல் கட்டிய மூன்று மாடிச் சிறை. 2014 தொடக்கத்தில் கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றி மூடினார்கள். நெடுஞ்சுவரும் சிறிய சாளரங்களும் பார்த்தாலே மனம் கனக்கும். கோப்பி உச்சத்தில் இருந்த காலத்துச் சிறை இது என்பதை மறக்கக் கூடாது. அதைப் பற்றி வழிகாட்டிகள் நிறையப் பேசுகிறார்கள். நான் தாண்டிப் போகிறேன்.

ஏனென்றால் சந்தைப் பக்கம், பெரிய பஸ் நிலையத்தடியில், மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. அன்று எங்கள் வழிகாட்டி அதன் கீழே நின்றுதான் எல்லோரையும் எண்ணிப் பார்த்தார். கோபுரத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. விபத்தில் இறந்துபோன தன் மகன் முஹம்மது சக்கி இஸ்மாயிலின் நினைவாக முஹம்மது இஸ்மாயில் ஹாஜியார் கட்டிக் கொடுத்தது அது. 1950 டிசம்பர் 24ஆம் திகதி பிரதமர் டீ. எஸ். சேனாநாயக்க திறந்துவைத்தார். வடிவமைத்தவர் ஷர்லி த அல்விஸ். பேராதனைப் பல்கலைக்கழகக் கட்டடங்களை உருவாக்கிய அதே கட்டடக் கலைஞர். பல்கலைக்கழகத்தில் அவர் கையாண்ட கண்டிக் கூரையையும் இந்தக் கோபுரத்தையும் ஒரே நாளில் பார்த்தால் ஒரே கை என்பது விளங்கும். மகனை இழந்த ஒரு முஸ்லிம் தகப்பன் முழு நகரத்துக்கும் நேரம் காட்டும் ஒன்றைக் கட்டினார். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் நேரம் தெரிந்துகொண்டார்கள். அந்த மாணவிக்கு நான் முதலில் எழுதி அனுப்பிய பதில் இதுதான்.

ஒரு தெருவும் ஓர் இரவும்

அங்கிருந்து கொழும்பு வீதிக்குள் நுழைந்து கோட்டுகொடெல்ல வீதிப் பக்கம் ஏறலாம். இது ஆங்கிலேயர் காலத்தில் காசில் ஹில் ஸ்ட்ரீட். ரயிலும் தோட்டமும் வளர வளர, காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரைகளிலிருந்து வந்த வியாபாரிகள் மலைநாட்டு நகரங்களில் கடை வைத்தார்கள். 'கரையோரச் சோனகர்' என்று குடிசன மதிப்பீட்டில் தனியாக எழுதப்பட்டவர்கள். முன்னால் கடை, பின்னால் களஞ்சியம், மேலே படுக்கும் இடம் என்று ஒடுங்கி நீண்ட கட்டடங்கள். முன்பக்கம் மரப் பலகைகள் அடுக்கிச் சாத்தும் கதவு. அவர்களுக்குத் தொழ ஒரு பள்ளி.

கம்பளையின் அம்பகமுவ வீதிப் பள்ளியும் இதே கதைதான். அம்பகமுவ தோட்டப் பகுதிக்குப் போகும் ரோட்டு ஆதலால் வியாபாரம் அங்கே. வியாபாரம் இருந்த இடத்தில் பள்ளி. அந்த ரோட்டால் வல்லஹகொட தேவாலயப் பெரஹெர போவதும் பழைய வழக்கம். பள்ளிக்கு முன்னால் மேளத்தை நிறுத்தும்படி அதிகாரிகள் போட்ட நிபந்தனையை எதிர்த்து பஸ்நாயக்க நிலமே வழக்குப் போட்டார். 1815 கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு தங்கள் சமய வழக்கங்களைக் காக்கிறது என்பது அவரது வாதம். 1914 ஜூனில் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் அவருக்குச் சார்பாகத் தீர்த்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது.

மூன்று மாதம் கழித்து, 1915 மே 28ஆம் திகதி வெசாக் இரவில், காசில் ஹில் ஸ்ட்ரீட் பள்ளிக்கு முன்னால் பக்திப் பாடல் கோஷ்டியோடு மூண்ட மோதல் பள்ளியை உடைப்பதில் முடிந்தது. அடுத்தடுத்த நாட்களில் ரயில் போன ஊர்களுக்கெல்லாம் கலவரமும் போனது. மே 31இல் கொழும்பு. ஜூன் 2இல் இராணுவச் சட்டம். 4,075 முஸ்லிம் கடைகள் கொள்ளை போனதாகவும் 86 பள்ளிகள் சேதமானதாகவும் கணக்குகள் சொல்கின்றன. அதை அடக்குவதாகச் சொல்லி ஆங்கில அரசு சிங்கள மக்கள் மீது நடத்திய சுடுதல்களும் தண்டனைகளும் தனிக் கொடுமை. ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞரை ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொன்றதை எந்த நியாயத்தாலும் மூட முடியாது.

இதை ஏன் கட்டடங்கள் பற்றிய கட்டுரையில் எழுதுகிறேன்? 1915ஐ நாம் பெரும்பாலும் சமயச் சண்டையாகவே படிக்கிறோம். குமாரி ஜயவர்தன போன்ற ஆய்வாளர் அதன் பொருளாதார வேர்களைக் காட்டியிருக்கிறார்கள்: யுத்த காலத்து விலையேற்றம், சில்லறை வியாபாரப் போட்டி, வேலையாட்களின் கோபம். அந்தத் தெருவில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரிகிறது. கடை, களஞ்சியம், பள்ளி, பெரஹெரப் பாதை, ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரம் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கடைகள் எரிந்தபோது என் வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு நூறு வருஷத்துக்கு முந்திய இந்தத் தெருவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்கள் தங்கள் மேல் வந்தது தங்களுக்கு மட்டும் வந்தது என்றே நினைத்தார்கள்.

நாங்களே இடித்தவை

வழிகாட்டியைக் குறை சொல்வது இலகு. நான் நடந்த சனிக்கிழமைகளில் எனக்கு அதிகம் வலித்தது வேறொன்று. பழைய கடைகளின் மர முகப்பைக் கழற்றிக் கண்ணாடியும் அலுமினியமும் பூட்டியவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. வியாபாரத்துக்கு வெளிச்சம் வேண்டும், அது நியாயம். பள்ளிகளுக்கு என்ன நியாயம்? கிராமத்துக்குக் கிராமம் கண்டிப் பாணியில் தாழ்ந்த ஓட்டுக் கூரையும் செதுக்கிய மரத்தூணும் சுற்றுத் திண்ணையும் கொண்டிருந்த பள்ளிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. பக்கத்து விகாரைக்கும் தேவாலயத்துக்கும் வேலை செய்த அதே தச்சர் கைகள்தான் அவற்றிலும் வேலை செய்தன என்பதற்கு அந்தத் தூண்களைவிட நல்ல சாட்சி வேறில்லை. இப்போது அங்கே டைல்ஸ் பதித்த மண்டபமும், எந்த நாட்டுக்கும் பொருந்தும் ஒரு குவிமாடமும். ஜமாஅத் பெருகியது, இடம் போதவில்லை என்பது உண்மை. ஆனால் இடிக்குமுன் ஒரு படம் எடுக்கவும் ஒரு தூணை எடுத்து வைக்கவும் இடப் பஞ்சம் தடையாக இருந்திருக்காது. தூண்களை விறகாக விற்ற கதையையும் கேட்டிருக்கிறேன், ஊரைச் சொல்லவில்லை.

நம்மிடம் கட்டட அறிவு இல்லாமல் இல்லை. கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரிக்கார். 1877இல் அது திறக்கப்பட்டபோது பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டதற்கு வெள்ளிக்கிழமைகளில் மூட வேண்டும் என்று கேட்டாராம் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். கண்டியில் பிறந்த அறிஞர் சித்தி லெப்பையோடும், நாடு கடத்தப்பட்டு வந்து பின்னாளில் கண்டியில் வாழ்ந்த ஒராபி பாஷாவோடும் சேர்ந்து 1892இல் ஸாஹிறாவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். கட்டத் தெரிந்த சமூகம்தான். காக்கத்தான் தெரியவில்லை.

ஹந்தானத் தொழிற்சாலை

ஒரு கட்டடத்தைக் காப்பாற்றினால் என்ன கிடைக்கும் என்று பார்க்க, ஆஸ்பத்திரியடியால் ஹந்தானைக்கு ஏற வேண்டும். நடப்பவர்கள் நடக்கலாம், நான் முச்சக்கர வண்டிதான். 1869இல் கோப்பி இலையில் கண்ட மஞ்சள் பூஞ்சணம் இருபது ஆண்டுக்குள் அந்தப் பயிரையே துடைத்தெறிந்தது; 1884இல் ஓரியண்டல் வங்கியும் விழுந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். கண்டிக்கு ரயில் வந்த அதே ஆண்டு. 1892இல் இறந்த அவரது கல்லறை மஹியாவையில் இருக்கிறது.

ஹந்தானத் தொழிற்சாலை 1925இல் கட்டப்பட்டது. நான்கு தளம். பல வருஷம் மூடிக் கிடந்து, தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் சேர்ந்து 2001இல் அருங்காட்சியகமாக்கின. அழகுக்காகக் கட்டிய கட்டடம் அல்ல இது. தேயிலை எப்படி நடக்கிறதோ அப்படிக் கட்டடமும் நடக்கிறது. பச்சைக் கொழுந்து முதலில் மேல்மாடிக்குப் போகும். அங்கே தட்டுகளில் பரப்பிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வாட்டுவார்கள். ஆகவே மேல்தளங்கள் நீளமாக, இரு பக்கமும் வரிசையாகச் சாளரங்களோடு, மலைக்காற்றை வாங்கும்படி. வாடிய கொழுந்து கீழே இறங்கி உருட்டும் இயந்திரத்துக்கு வரும். கனத்த இயந்திரங்கள் ஆதலால் தரைத்தளம். பிறகு நிறம் மாற விட்டு, அடுப்பில் காயவைத்து, சல்லடையில் தரம் பிரிப்பார்கள். மழை நாளில் அடுப்பின் சூடான காற்றை மேலே இழுத்துக் கொழுந்தை வாட்டவும் முடியும். இரும்புச் சட்டகம், தகரம், மரத்தளம். தோட்டத்து மக்கள் இதை 'ஸ்டோரு' என்பார்கள். கோப்பிக் காலத்துச் சொல் தேயிலைக்கும் வந்துவிட்டது.

அந்த மாணவியையும் இன்னும் ஐந்து பேரையும் சென்ற மாதம் அங்கே கூட்டிப் போனேன். உருட்டும் இயந்திரத்தின் பித்தளைத் தட்டில் கை வைத்துப் பார்த்தாள். "சேர், இத மலைக்கு மேல கொண்டு வந்தது ஆரு?" என்று கேட்டாள். ரயிலில் கண்டிக்கு, அங்கிருந்து மாட்டு வண்டிலில் என்றேன். "மாட்டு வண்டில் ஆருட?" என்றாள்.

எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி ஒரு தக்கியாவில் பழைய மரக்கூரையைக் கழற்றப் போகிறார்கள். நிர்வாகத்தாருடன் பேசினேன், துல்ஹஜ் முடியும் வரை பொறுக்கிறோம் என்றார்கள். பத்துத் தூண், ஒரு மிம்பர், நிலைக்கு மேல் அரபெழுத்தில் செதுக்கிய ஒரு பலகை. வரும் சனிக்கிழமை அளவெடுக்கப் போகிறோம். நீள டேப் ஒன்றும், ஏணியும், நல்ல கமெராவும் வைத்திருப்பவர்கள் சொல்லி அனுப்பினால் உதவியாக இருக்கும்.